அணியத்துக்கு ஓர் ஆள்

திருகோணமலை விசைப்படகு ஓட்டக் கழகம் என்று சொன்னால் பெரிய கூட்டம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அறுபத்தைந்தாம் ஆண்டு சித்திரைக்கு முன் அதில் ஓடக்கூடிய படகுகள் இரண்டே இரண்டு. ஒன்று தலைவர் ஹெக்டருடையது, மற்றது செயலாளர் பற்றிக்குடையது. இன்னொரு படகும் இருந்தது. அதன் சொந்தக்காரர் மட்டக்களப்புக்கு மாற்றலாகிப் போனபின் கடற்கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் யாரோ கருவாடு காயவைத்திருந்தார்கள்.

பற்றிக் ஓர் அலுவலகத்தில் கிளாக்கர். கொடிக்கம்பு போல மெலிந்த மனிதர். கழகத்தில் செயலாளரும் அவர்தான், பொருளாளரும் அவர்தான், கடலில் மிதவை கட்டுகிறவரும் அவர்தான். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி உள்துறைமுகத்தில் நடக்கும் ஓட்டத்தில் ஆண்டு தவறாமல் ஓடித் தோற்கிறவரும் அவரேதான். ஹெக்டரின் படகு கொழும்பில் செய்வித்தது. பலகையா காகிதமா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும் அளவுக்கு மெல்லியது. பற்றிக்கின் படகோ கலியாண வீட்டு அண்டா மாதிரிப் பாரம். ஒவ்வொரு முறையும் ஹெக்டர் வெற்றிக் கிண்ணத்தை வாங்குவார், பற்றிக் கைதட்டுவார். கைதட்டி அலுக்கவில்லை என்று அவர் சொன்னால் அது பச்சைப் பொய். அந்தக் கிண்ணத்தை ஒரே ஒரு தடவை தன் வீட்டு அலுமாரியின் மேல் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அந்த மனிதரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

அந்த ஆசைக்கும் இப்போது ஆபத்து வந்துவிட்டது. துறைமுகத்துக்குப் பொறுப்பான பெரியவர் பற்றிக்கைக் கூப்பிட்டுக் கதிரையில்கூட இருக்கச் சொல்லாமல் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"இரண்டு பேர் ஓடுறதுக்கும் நாலு ஆடு கரையில நிண்டு பாக்கிறதுக்கும் அரை நாள் துறைமுகத்தை மூட ஏலாது, பற்றிக். இந்த முறை படகும் சனமும் சேராட்டி, இதுதான் கடைசி ஓட்டம்."

நாலு ஆடு என்றது அநியாயம். போன ஆண்டு ஆட்களும் வந்திருந்தார்கள், ஆட்டைத் தேடிக்கொண்டு. ஆனால் வாதாடிப் பயனில்லை என்று பற்றிக்குக்குத் தெரிந்தது. ஓடுகிறவர்களையும் பார்க்கிறவர்களையும் எங்கிருந்தாவது பிடித்தே ஆகவேண்டும்.

முதலில் கிண்ணியாவுக்குப் போனார். அங்கே ஸெய்னுதீன் என்பவர், கிண்ணியாவிலிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்கு ஆட்களையும் தயிர்ச் சட்டிகளையும் ஏற்றி இறக்குகிறவர், பலகைப் படகின் பின்புறத்தில் நல்ல அவுட்போட் எஞ்சின் பூட்டி வைத்திருந்தார். பற்றிக் கரை மணலில் கோடு கீறி ஓட்டத்தை விளக்கினார்.

"இதில இருந்து வெளிக்கிட்டு, அந்த மிதவையைச் சுத்தி, திரும்பி இதுக்கே வரவேணும்."

"மிதவையடியில ஆர எறக்கணும்?" என்று ஸெய்னுதீன் கேட்டார்.

"ஒருத்தரையும் இறக்கிறேல்லை."

"ஏத்துறதும் இல்லயா?"

"இல்லை."

ஸெய்னுதீன் கோட்டையும் கடலையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப என்னத்துக்குக் கிளாக்கர் அவ்வளவு அவசரம்?"

இத்தனை ஆண்டு ஓடியும் பற்றிக்கிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டதில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார்: "சல்லி ஆக்கள் எல்லாரும் வாறினம். தங்கட எஞ்சினை வெல்ல கிண்ணியாவில ஆள் இல்லையெண்டு கதைக்கினம்."

சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்தில் ஒரு மனிதரோடும் அவர் அதுவரை பேசியிருக்கவில்லை. ஆனால் ஸெய்னுதீனின் முகம் சிவந்ததைக் கண்டதும் வழி கிடைத்துவிட்டது என்று புரிந்துகொண்டார். மறுநாள் சைக்கிளை மிதித்துச் சல்லிக்குப் போய், கிண்ணியாக்காரர் உங்களைப் பற்றி இப்படி இப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு போடு போட்டார். அங்கிருந்து மூதூர்ப் பக்கம் போய்ச் சல்லியையும் கிண்ணியாவையும் சேர்த்து மாட்டிவைத்தார். பிழைதான், பாவம்தான். ஆனால் பூசைக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம், கழகம் செத்துப்போனால் யாரிடம் கேட்பது? ஒரு கிழமைக்குள் பத்துப் பன்னிரண்டு படகுக்காரர் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒத்திகை நாளில்தான் வினை தொடங்கியது. ஸெய்னுதீன் படகு நிறையச் சனத்தோடு வந்து சேர்ந்தார். எப்படியும் வருகிற வழிதானே, ஏன் வெறுமையாக வரவேண்டும் என்று ஏற்றிக்கொண்டு வந்தாராம். மிதவையைச் சுற்றும்போது ஒரு பிரயாணி, தன்னை ஆஸ்பத்திரிப் பக்கம் இறக்கிவிடச் சொல்லி எழுந்து நின்றார். அவருக்காக ஸெய்னுதீன் படகைத் திருப்பினார். கரையில் நின்ற பற்றிக் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஆக்களை ஏத்தக்கூடாது!" என்று கத்தினார். "நீங்கள் தனிய ஓடுங்கோ!"

தனியே ஓடியது அதைவிட மோசம். முன்பக்கத்தில் பாரமில்லாத படகுக்கு வேகம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று கடற்காரருக்குத் தெரியும். பற்றிக் அன்றைக்குக் கண்ணால் கண்டார். படகின் அணியம், அதாவது மூக்குப் பக்கம், வானத்தைப் பார்த்துக்கொண்டு தூக்கியது. பின்னால் எஞ்சினடியில் இருந்த ஸெய்னுதீனுக்கு முன்னே கடலும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. படகு வட்டமடித்து, சல்லிக்காரரின் படகில் இடிக்கப் பார்த்து, கடைசியில் கரையேறி நின்றது. சல்லிக்காரருக்கும் அதே கதிதான். அவர்களுடைய படகுகளும் வலையும் மீனும் அணியத்தில் கிடந்தே ஓடிப் பழகியவை.

"அணியத்துல ஆளில்லாம ஓட ஏலாது கிளாக்கர்," என்று ஸெய்னுதீன் மணலை உதறிக்கொண்டு சொன்னார். "எனக்கு எப்பவும் சுபைதா முன்னுக்கு இருப்பா."

சுபைதா அவருடைய மனைவி. வாரத்தில் பல நாள் தயிர் விற்கப் பட்டினம் வருகிறவர். நல்ல வாட்டசாட்டமான ஆள். அவர் படகில் ஏறினால் படகு ஒருமுறை தலைகுனிந்து மரியாதை செய்யும்.

பற்றிக் வீட்டுக்குப் போய்க் கழக விதிகளைப் புரட்டினார். ஓட்டுநர் ஒருவர்தான் என்று இருந்தது. படகைச் சமப்படுத்தப் பாரம் ஏற்றலாம் என்றும் இருந்தது. அந்தப் பாரம் மண்மூட்டையாகத்தான் இருக்கவேண்டும், மூச்சுவிடக் கூடாது என்று எங்கும் இல்லை. ஆள் சேர்க்கிற மனிதனுக்கு இது போதாதா? அணியத்துக்குப் படகுக்கு ஓர் ஆள் என்று அறிவித்துவிட்டார்.

அறிவித்த மறுநாளே ஊருக்குள் கதை மாறிவிட்டது. எஞ்சின் எத்தனை குதிரைவலு என்று கேட்டவர்கள் இப்போது அணியத்தில் யார் என்று கேட்டார்கள். சல்லிக்காரர் தேத்தண்ணிக் கடைத் தம்பிராசாவை ஏற்றப் போகிறார்களாம். அவர் கடையில் கதிரைகள் அவருக்குப் பயந்தே உட்காரும் சீமெந்துக் குந்தாக மாறின. மூதூரிலிருந்து ஒரு புரியாணிச் சமையல்காரர் வருகிறாராம். தங்கள் ஊரின் பெருமையை இப்படித் தராசில் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டால் எந்தச் சனம் வீட்டில் இருக்கும்?

ஹெக்டர் மட்டும் மூக்கைச் சுளித்தார். "இது ஓட்டமோ, சந்தையோ? நான் ஒருத்தரையும் ஏத்தமாட்டன்." பற்றிக் தனக்கென்று ஒரு மண்மூட்டையைக் கட்டி விறாந்தையில் வைத்தார். அதை அவருடைய மனைவி கிறிஸ்டின் கண்டுவிட்டாள்.

கிறிஸ்டின் இத்தனை ஆண்டில் ஒருமுறைகூட ஓட்டம் பார்க்க வராதவள். எஞ்சின் சத்தம் கேட்டாலே தலையிடி என்பாள். அவள் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"அணியத்துக்குப் பாரம்."

"கிண்ணியாவில அந்த மனிசன் பொஞ்சாதியைக் கூட்டிக்கொண்டு வருதாம். நீங்கள் மண்மூட்டையோட போறியளோ?"

"நீர்தான் வரமாட்டீரே."

"நீங்கள் கேட்டனீங்களோ? ஊர்ச்சனம் என்ன கதைக்கும்? கிளாக்கருக்குப் பொஞ்சாதியைவிட மண்மூட்டை திறம் எண்டுதானே!" என்றாள் கிறிஸ்டின். மூட்டை அன்றைக்கே அவிழ்க்கப்பட்டு வாழையடிக்குப் போனது.

ஓட்டத்தன்று கரை கொள்ளவில்லை. கிண்ணியாவும் சல்லியும் பட்டினமும் கலந்து நின்றன. பற்றிக் ஒலிபெருக்கியில் விதிகளைத் தமிழில் படித்தார். மிதவையைச் சுற்றவேண்டும். ஒருவர் மற்றவர் படகை இடிக்கக் கூடாது. ஓட்டுநர் தண்ணீரில் விழுந்தால் அந்தப் படகு ஓட்டத்திலிருந்து நீக்கப்படும். கடைசி விதியை இரண்டு தடவை படித்தார், ஏனென்றால் இவர்கள் விழுவார்கள் என்று அவருக்கு நிச்சயம்.

வெடி போட்டதும் பன்னிரண்டு எஞ்சினும் ஒன்றாகக் கதறின. ஹெக்டர் பாய்ந்து முன்னே போனார். பாதி வழியில் காற்றுக் கிளம்பி அலை எழுந்தது. அந்தக் காகிதப் படகு மூக்கைத் தூக்கி, ஒரு குதி குதித்து, எஞ்சினுக்குள் தண்ணீர் வாங்கி நின்றுவிட்டது. தம்பிராசாவின் படகு கடந்து போகும்போது அவர் அணியத்திலிருந்தபடி ஹெக்டருக்குக் கைகாட்டிவிட்டுப் போனார். பாவம், அந்த மனிதரின் பாரம் கொஞ்சம் கூடிப்போனதால் அவர்களுடைய படகும் அடுத்த அலையில் தலைகுத்தித் தண்ணீர் அள்ளியது.

ஸெய்னுதீனின் படகு முன்னுக்கு வந்தது. அதை ஓட்டிய விதத்தை தன் படகில் கிறிஸ்டினோடு அருகில் வந்த பற்றிக்தான் கண்டார். சுபைதா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அணியத்தில் முன்னே பார்த்து இருந்தார். அலை வருமுன் வலக்கை நீளும், ஸெய்னுதீன் வலப்பக்கம் திருப்புவார். இடக்கை நீளும், இடப்பக்கம். கை கீழே தட்டினால் வேகம் குறையும். பின்னால் இருந்த ஸெய்னுதீன் கடலைப் பார்க்கவேயில்லை. மனைவியின் முதுகையும் கைகளையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிதவையடியில் சுபைதாவின் கை திடீரென்று நீண்டது. ஸெய்னுதீன் அவசரத்தில் அதிகமாகத் திருப்பிவிட்டார். படகு ஒரு வெட்டு வெட்டியது. எஞ்சினடியில் அவர் இல்லை. தண்ணீரில் ஒரு தலை தெரிந்தது.

சுபைதா திரும்பிப் பார்த்தார். "நீந்துறீங்களா?"

"நீந்துறன்!"

"அப்ப வந்து சேருங்க!"

இதைச் சொல்லிவிட்டு அவர் நடுப் பலகைக்குத் தாவினார். அதற்குப் பின்னே போனால் அணியம் தூக்கிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நடுவில் இருந்தபடியே கையைப் பின்னே நீட்டி எஞ்சின் பிடியைப் பிடித்தார். படகு நிமிர்ந்து கரையைப் பார்த்து ஓடியது.

தண்ணீரில் கிடக்கிற மனிதனை விட்டுவிட்டுப் போக பற்றிக்கால் முடியவில்லை. படகை மெதுவாக்கி, கிறிஸ்டினும் அவருமாக ஸெய்னுதீனை இழுத்து ஏற்றினார்கள். போனது கிண்ணம் என்று நினைத்துக்கொண்டே பற்றிக் எஞ்சினை முறுக்கினார். ஆனால் ஸெய்னுதீன் கிறிஸ்டினுக்குப் பக்கத்தில் அணியத்தில் இருந்ததும் மூக்குத் தாழ்ந்து, அந்த அண்டாப் படகு தன் வாழ்நாளில் ஓடாத ஓட்டம் ஓடத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று படகுகள் பின்னே போயின. இப்போது முன்னே சுபைதா ஒருவர்தான்.

"விடாதீங்க கிளாக்கர்!" என்று நனைந்த ஸெய்னுதீன் துள்ளினார். "இன்னம் குடுங்க! அவளுக்கிட்டத் தோத்தா ஊட்டுல இரிக்க ஏலாது!"

"குடுங்கோவன்!" என்று கிறிஸ்டினும் கத்தினாள். தலையிடிக்காரி! கொண்டை அவிழ்ந்து, முகமெல்லாம் உப்புத் தண்ணீர், ஒரு கையால் படகின் விளிம்பில் தாளம்போட்டுக்கொண்டிருந்தாள். பற்றிக் அவளை அப்படி ஒருநாளும் கண்டதில்லை.

ஆனாலும் சுபைதா ஒரு படகு நீளம் முன்னால் கோட்டைக் கடந்தார். பற்றிக் இரண்டாவதாக வந்தார்.

கரை அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, படகோடு கட்டியிழுத்துக் கொண்டுவரப்பட்ட ஹெக்டர் வந்து பற்றிக்கின் தோளில் கைபோட்டார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம்.

"ஐசே, கிண்ணம் உமக்குத்தான். அவையின்ர ஓட்டுநர் விழுந்திட்டார். நீர்தான் காலமை விதியை வாசிச்சனீர், அதுவும் இரண்டு தரம்."

பற்றிக்கின் கண்ணுக்கு முன்னே அலுமாரி வந்து நின்றது, அதன் மேல் கிண்ணம். பிழையாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. விதி இருக்கிறது, கரைச் சனமெல்லாம் கேட்ட விதி. வாயைத் திறந்து சொன்னால் போதும்.

கதை கரையெங்கும் பரவியது. கிண்ணியாக்காரரின் பக்கத்தில் முகங்கள் இறுகின. சிலர் தங்கள் படகுகளின் கயிற்றை அவிழ்க்கப் போனார்கள். இவர்கள் இனித் திரும்பி வரமாட்டார்கள் என்று பற்றிக்குக்குத் தெரிந்தது. சுபைதா முழங்கால் தண்ணீரில் படகைப் பிடித்தபடி நின்றார்.

"கிளாக்கர்," என்றார் அவர், "கிண்ணத்த நீங்க வெச்சிக்கங்க. எனக்கு அதுல தயிர் உறைய வெக்க ஏலாது. ஆனா முதலா வந்தது ஆரெண்டு அந்த மைக்குல சொல்லிட்டு வெச்சிக்கங்க."

இந்தப் பேச்சு பற்றிக்கைச் சுட்டது. கிண்ணம் கேட்டு அழுதிருந்தால் விதியைக் காட்டித் தப்பியிருப்பார். உண்மையை மட்டும் கேட்கிற மனுஷியிடம் எந்த விதியைக் காட்டுவது? அவர் ஸெய்னுதீனிடம் திரும்பினார்.

"ஸெய்னுதீன், எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ. உங்கட படகை ஓட்டினது ஆர்?"

ஸெய்னுதீன் விழித்தார். அத்தனை ஊர்ச் சனமும் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் நனைந்த இடுப்புச் சாரத்தைப் பிழிந்தார், தாடியைத் தடவினார், மனைவியைப் பார்த்தார். இத்தனை காலம் எஞ்சின் பிடியைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நிமிர்ந்து நடந்த மனிதருக்கு அது இலேசான கேள்வி இல்லை.

"எஞ்சினப் புடிச்சது நான்," என்றார் கடைசியில். "ஓட்டினது அவதான். எனக்குப் பின்னால இருந்து ஒண்டும் தெரியாது. அவட கை சொல்ற பக்கம் திருப்புவன். எப்பவும் அப்படித்தான், இண்டைக்கு மட்டுமில்ல."

பற்றிக் ஒலிபெருக்கியை எடுத்தார். அலுமாரியை ஒருமுறை மனதுக்குள் பார்த்துவிட்டுப் பேசினார்.

"கழகத்தின் முடிவு. விழுந்தவர் ஓட்டுநர் இல்லை. படகை வெளிக்கிடுத்தின ஓட்டுநர் படகோட வந்து சேர்ந்திட்டா. தண்ணிக்குள்ள விழுந்தது பாரம். பாரம் விழக்கூடாது எண்டு எங்கட விதியில இல்லை. வெற்றி, கிண்ணியா சுபைதாவுக்கு!"

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு முதலில் சிரித்தவர் தம்பிராசா. அவர் சிரித்தால் கரையே குலுங்கும். அதன்பின் எழுந்த கூச்சலில் ஒலிபெருக்கியே தேவைப்படவில்லை. "பாரம் வாறார், வழி விடுங்க!" என்று ஸெய்னுதீனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவரும் நல்ல மனிதர், தாங்கிக்கொண்டார். ஹெக்டர் கிண்ணத்தை எடுத்துச் சுபைதாவின் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டுக்குத் தன் அணியத்தில் இருக்க ஊரில் யாராவது நல்ல ஆள் உண்டா என்று மெதுவாக விசாரித்தார். துறைமுகப் பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பற்றிக்கிடம் வந்து, வரப்போகும் சித்திரையில் எந்தத் திகதி என்று இப்போதே சொல்லிவிட்டால் நல்லது என்றார்.

பற்றிக்குக்கு அழுகை வந்தது. கழகம் பிழைத்ததற்கா, கிண்ணம் போனதற்கா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. இரண்டுக்கும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கிறிஸ்டின் விறுவிறுவென்று முன்னே நடந்தாள். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வந்த கோபம் என்று பற்றிக் பயந்தார்.

"கோவமோ?" என்று வாசலில் வைத்துக் கேட்டார்.

"அவளுக்குக் குடுத்தது சரிதான்," என்றாள் கிறிஸ்டின். "ஆனா நாங்கள் தோத்தது ஏனெண்டு தெரியுமோ? மிதவையடியில நான் கையைக் காட்டக் காட்ட நீங்கள் என்னைப் பாக்கேல்லை."

"நான் கடலைப் பாத்துக்கொண்டிருந்தனான்."

"அதுதான் பிழை. வாற முறை நான் எஞ்சினைப் பிடிக்கிறன். நீங்கள் அணியத்தில இருங்கோ."

"நானோ? எனக்கு அந்தளவு பாரம் காணாதே, கிறிஸ்டின்."

அவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்து பார்த்தாள். குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள். அன்று அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் சோறு குவிந்தது. போதும் என்று கையை நீட்டி மறித்தார், அந்தக் கைக்கு மேலேயே இன்னும் ஓர் அகப்பை விழுந்தது.